நிலாவைக் குறுக்கே கடந்த வண்டி

என் சொந்தக் கொல்லையில் ஒரு விளக்குப் போட எனக்கு உரிமை இல்லாமல் இருந்தது. பல வருஷமாக இந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

கொல்லை எனக்கும் என் மச்சானுக்கும் பொது. என் பொண்டாட்டிக்கு அவர் அண்ணன். மாமனார் விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் இருந்தோம். முன்னால் தெருவைப் பார்த்து என் வெல்டிங் பட்டறை. பின்னால் கொல்லைக்கு மட்டும் யாரும் சுவர் வைக்கவில்லை. அங்கே தண்ணீர் டிரம், துணிக்கொடி, என் பழைய இரும்பு, நடுவில் அவருடைய டெலஸ்கோப்.

பட்டறையில் இடம் போதாமல், செய்து முடித்த கேட்டைச் சாயங்காலம் கொல்லையில் சாய்த்து வைத்து பிரைமர் அடிக்கலாம் என்று பல்பைப் போடுவேன். உடனே குரல் வரும்.

"மாப்ள, நிலாவுக்குப் போட்டியா விளக்குப் போட்டிருக்கியா?"

"நிலா வெளிச்சத்துல பெயிண்ட் அடிக்க முடியாது மச்சான்."

"அப்ப காலையில அடி. கேட்டு எங்கயும் ஓடிப்போயிடாது."

நான் அணைக்கத் தாமதித்தால் அவரே வந்துவிடுவார். சட்டை நுனியால் சூடான பல்பைப் பிடித்துக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார். காலையில் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவார். அவளிடம் நான் பொருமினால், "அண்ணன் என்ன திருடிட்டா போச்சு? குடுத்துடுதுல்ல?" என்பாள். அண்ணன் தங்கச்சி விஷயத்தில் வாயைக் கொடுத்து மீண்டவன் எவனும் இல்லை. நான் பட்டறைக்குப் போய்விடுவேன்.

மச்சானைத் தெருவில் எல்லாரும் டைம்கீப்பர் என்றுதான் சொல்வார்கள். பஸ் நிலையத்தில் அதுதான் வேலை. பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கூண்டு. உள்ளே மேசை, மைக், சுவர்க் கடிகாரம், ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கு வாங்கின அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் பல வருஷம் கழித்தும் கிழியாமல் இருந்தது. மனுஷன் உட்கார்ந்தால்தானே கிழியும். நின்றுகொண்டே மைக்கில் பேசுவார், நின்றுகொண்டே எழுதுவார், வண்டி வராவிட்டால் கூண்டை விட்டு இறங்கி ரோட்டு முனை வரைக்கும் நடந்து எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தால் வண்டி சீக்கிரம் வந்துவிடுமா என்று நான் கேட்டிருக்கிறேன். "வராது. ஆனா நிக்க முடியல மாப்ள" என்றார். வீட்டிலும் அப்படித்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவார். அக்கா, அதாவது அவர் மனைவி, பின்னாலேயே குழம்புக் கரண்டியோடு நடப்பாள்.

டிரைவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒருவன் லேட்டாக வந்து, "டிராபிக் சார்" என்றால், "தெரியும்பா. உன் வண்டி கடிகாரம் பாத்து வர்றதில்ல, காலண்டர் பாத்து வருது" என்பார். பயணிகள் வந்து அவரைத் திட்டுவார்கள். ஓட்டுகிறவன் டீ குடித்துக்கொண்டிருப்பான், ஏச்சு வாங்குவது இவர்.

ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களைக் கழித்தபோது கால் உடைந்த டெலஸ்கோப் ஒன்று வந்தது. அதை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் பிள்ளையைப் போலப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தவன் நான். யானையைக் கட்டலாம், அப்படி அடித்தேன். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, நிலா பயத்துல நடுங்குது" என்றார். காலை அகட்டி, குறுக்குப் பட்டை வைத்து, மறுபடி அடித்துக் கொடுத்தேன். "இப்ப நடுங்கல. ஆனா விக்குது" என்றார். அதற்கு மேல் நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சும்மா நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது அவர் மகள். வெளியூரில் வேலை பார்க்கிற பெண். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னாள். மேலே ஆட்கள் தங்கியிருக்கிற விண்கலம் ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எப்போதாவது அது நமக்கும் நிலாவுக்கும் நடுவே போகும். அது எந்த ஊரில், எந்த நேரத்தில் தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். ஆனால் அரை நொடிதான். கொட்டாவி விட்டால் போச்சு. நம் தெருவில் தெரிந்தால் நாலு ஸ்டாப் தள்ளித் தெரியாது.

மச்சானுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பட்டறைக்கு வந்து நின்றார்.

"நாள் பூரா வராத வண்டிக்கு நான் பதில் சொல்றேன் மாப்ள. ஒரு வண்டி நொடி பிசகாம வருதாம். அத ஒரு தடவ நம்ம கொல்லையில நின்னு பாத்துடணும்."

"போன்ல படம் வருதே மச்சான். அதைப் பாக்க வேண்டியதுதான."

"படத்துல நம்ம பஸ் கூடத்தான் காலியா, சுத்தமா வருது. நம்புறியா?"

அதற்குப் பிறகு மகளிடமிருந்து சேதி வந்தால் வீடு ரெண்டு படும். ஒரு தடவை மேகம் மூடிவிட்டது. ஒரு தடவை கடைசி நேரத்தில் பாதை விலகி அடுத்த பேட்டைக்குப் போய்விட்டது. ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தும் அக்கா காயப்போட்ட போர்வை காற்றில் எழும்பி டெலஸ்கோப் வாயில் விழுந்தது. அன்றைக்குப் புருஷன் பொண்டாட்டி பேசிக்கொண்டது தெருமுனை வரை கேட்டது. இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தவர் தும்மினார். தலையை எடுத்துவிட்டு, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்து, "உன் பெயிண்டு நெடி" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் வேலை அவசரத்தில் நான் கொல்லை விளக்கைப் போட்டேன். குரல் வரவில்லை. பாதிக் கேட்டு அடித்தாயிற்று, அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டெலஸ்கோப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"விளக்க அணைக்கவா மச்சான்?"

"எரியட்டும். இருந்தா என்ன, போனா என்ன."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். அவருக்கு வலது கண் சின்ன வயதிலேயே மங்கல். எல்லாம் இடது கண் ஒன்றை நம்பித்தான். சர்க்கரை அதிலும் கை வைத்துவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதாம்.

"எப்படித் தெரியுது?" என்றேன்.

"டீ டம்ளருக்குள்ள உக்காந்து வெளிய பாக்கற மாதிரி. ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல. நிலா கூட ஒரு கறைதான்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஏதோ ஒளி அடித்தார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். பஸ் நிலையத்தில் கூண்டிலிருந்து எடுத்து ஸ்டோரில் பழைய டயர்களுக்குக் காவலாகப் போட்டார்கள். கூண்டில் இருந்தபோதாவது எட்டிப் பார்க்க ரோடு இருந்தது. இங்கே டயரை எட்டிப் பார்த்து என்ன செய்வது. வீட்டுக்கு வந்தால் கொல்லையில் டிரம்முக்கும் கொடிக்கும் நடுவே நடப்பார். எதிலாவது இடித்துக்கொள்வார். தங்கச்சி ஓடுவாள். "தொடாத, எனக்கு வழி தெரியும்" என்பார்.

அந்த நேரத்தில் மகள் சேதி அனுப்பினாள். விண்கலம் எங்கள் வீட்டுக்கு நேராகவே நிலாவைக் கடக்கிறது, சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. நம் பக்கம் இப்படி ஒன்று மறுபடி வர நெடுநாள் ஆகும்.

மச்சான் பட்டறைக்கு வந்தார். கதவு நிலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாப்ள, நீ பாத்துச் சொல்லு."

"நானா? என் கண்ணு வெல்டிங் வெளிச்சத்துல வெந்த கண்ணு."

"வெந்தாலும் தெரியுதுல்ல? அது வருதா இல்லையான்னு நம்ம வீட்டாள் ஒருத்தர் கண்ணால பாத்துச் சொன்னா எனக்குப் போதும். இல்லேன்னா, செத்தாலும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கும்."

மறுக்க முடியவில்லை. பயிற்சி ஆரம்பமானது. கண்ணை அழுத்தி வைக்கக் கூடாது. மூச்சைக் கண்ணாடி மேல் விடக் கூடாது. சிமிட்டக் கூடாது. தினமும் டீ குடிக்கிற நேரத்தில் எதையாவது வெறித்துப் பார்க்கச் சொல்லி என் கண் கலங்குகிறவரைக்கும் விடமாட்டார். நான் பாட்டுக்குச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தேன். என் பொண்டாட்டி, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை ஒரு தடவ இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்றாள். அக்கா சிரித்ததில் அவள் கையிலிருந்த டீ தளும்பியது.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெல்டிங் பொறியை வெறும் கண்ணால் பார்த்தால் மண் விழுந்தது போல உறுத்திக் கண் வீங்கிவிடும். அதனால் ஆர்க் அடிப்பதற்கு முன்னால் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவேன். டக் டக். கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு வீட்டிலும் இது ஊறிப்போனது. அடுப்படியில் யாராவது டம்ளரை இரண்டு தரம் தட்டி வைத்தால்கூட என் பொண்டாட்டி தலையைத் திருப்புவாள்.

அன்றைக்கு மேகம் இல்லை. கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் அக்கா காலையிலேயே எடுத்துவிட்டாள். நிலா வெளிறிப்போய் எதிர்வீட்டு மாடிக்கு மேலே நின்றது. டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்தோம். மகள் தொலைபேசியில் இருந்தாள், அவள் எண்ணிக்கொண்டு வர, மச்சான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார் என்று ஏற்பாடு.

"நேரம் நெருங்கறப்ப உனக்கு சிக்னல் குடுக்கறேன்" என்றார்.

"சொன்னாப் போதும் மச்சான்."

"உன் காது எனக்குத் தெரியாதா? பட்டறையில பாதி போச்சு. நான் ஒண்ணு சொன்னா நீ 'என்ன'ன்னு கேப்ப. அதுக்குள்ள அது அடுத்த கண்டத்துக்குப் போயிடும். இரும்புச் சத்தம்னா உனக்குக் கேக்கும்."

ஸ்டாண்டைத் தட்டினால் ஆடும் என்று, என் பழைய இரும்பிலிருந்து ஒரு துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது கையில் என் சுத்தியல். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். பின்வாசலில் அக்காவும் என் பொண்டாட்டியும் நின்றார்கள். எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் அப்போது உறைக்கவில்லை.

நான் கண்ணை வைத்தேன். நிலா உள்ளே பெரிதாக, அம்மை வடு விழுந்த முகம் போல நின்றது. மச்சான் எனக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது தெரிந்தது. மூச்சு எனக்கே கேட்டது.

டக் டக்.

நான் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மூடின பிறகுதான் மூளைக்கு எட்டியது. திறந்து மறுபடி வைப்பதற்குள் போனில் மகள் "போயிடுச்சுப்பா, பாத்தீங்களா?" என்பது எனக்கே கேட்டது. நிமிர்ந்தேன். பின்வாசலில் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்றாள். என் பொண்டாட்டி முந்தானையால் கண்ணை மூடியிருந்தாள். அந்தக் கொல்லையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது கண் தெரியாத ஒருத்தர்தான்.

"பாத்தியா மாப்ள? எப்படி இருந்துது?"

நான் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தேன்.

"சொல்லேன்."

"தட்டினீங்க மச்சான். கண்ண மூடிட்டேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையிலிருந்த சுத்தியலைத் தடவிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சுத்தியலையும் இரும்பையும் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போனில் அந்தப் பெண் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ராத்திரி என் பொண்டாட்டி, "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு வெந்துடுமா?" என்றாள்.

"உங்கண்ணன் குறுக்கு விசாரணை தெரியாதா? எந்த டிரைவராவது அவர்கிட்டப் பொய் சொல்லித் தப்பிச்சிருக்கானா?"

அவள் புரண்டு படுத்தாள். எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் நாள் பூரா வராத வண்டிக்குப் பதில் சொன்ன மனுஷனிடம், வந்தது என்று நானும் ஒரு புளுகை எப்படிச் சொல்வேன்.

கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது அவர் உடம்பு இறங்கிவிட்டது. கண்ணில் வந்த சர்க்கரை சிறுநீரகத்துக்கும் போனது. வேலைக்குப் போவது நின்றது. நடக்கிற மனுஷனைக் கட்டிலில் போட்டால் கட்டில் தாங்காது. ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் தலை வைப்பார், மறுநாள் அந்தப் பக்கம். விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். கட்டிலைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். நானும் அக்காவும் நகர்த்தினோம்.

மகள் லீவு போட்டு வந்துவிட்டாள். வந்தவள் போனை நோண்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாளோ என்னவோ, பட்டறைக்கு வந்து, "மாமா, நாளைக்குக் காலையில ஒண்ணு இருக்கு. விடிஞ்ச பிறகு. மேற்கால நிலா இருக்கும். நம்ம வீடு பாதையோட ஓரத்துலதான் வருது. தெரியலாம், தெரியாமலும் போகலாம்" என்றாள்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மாமா பாக்கட்டும்னாரு."

காலையில் எந்தச் சிக்னலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் எதையும் தட்டக் கூடாது, பேசக் கூடாது. முன்னாடியே கண்ணை வைத்துவிடுகிறேன், அது வரும்போது வரட்டும். மேலிருந்து கீழாகப் போகும் என்று மட்டும் மகள் சொன்னாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் சட்டத்தில் விரல் தட்டுகிற சத்தம் நின்றது.

நிலா பகல் வெளிச்சத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் போல இருந்தது. கண் எரிந்தது. நீர் கோத்தது. சிமிட்டினால் அந்தச் சிமிட்டலில் போய்விடுமோ என்று பயந்து பயந்து வைத்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. இது வராது, வந்திருந்தால் போய்விட்டது, நான்தான் மறுபடியும் கோட்டைவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது வந்தது. சின்ன நிழல். கதவுக்குப் போடுகிற கீல் மாதிரி. நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் பட்டை. நிலாவின் ஓரத்தைச் சீவிக்கொண்டு விர்ரென்று போனது. அது போனதும் மகளுக்குத் தெரியக் கையை மட்டும் தூக்கினேன், கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே போனேன். மச்சான் முகத்தைத் திருப்பி என் காலடிச் சத்தத்தைக் கேட்டார்.

"ம்?"

"வந்துது மச்சான்."

"பொய் சொல்லாத. எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காக நான் எதுக்குச் சொல்லணும்? என் பல்பை எத்தனை தடவ கழட்டியிருக்கீங்க."

வாய் ஓரம் லேசாக அசைந்தது. "எப்படி இருந்துது?"

"கீல் மாதிரி. ரெண்டு பக்கம் தகடு வெச்சு."

"எந்தப் பக்கமா போச்சு?"

இங்கேதான் நான் திணறினேன். மகள் சொன்னது மேலிருந்து கீழே. நான் பார்த்தது வேறு. மாற்றிச் சொன்னால் புளுகு என்பார் என்று பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்.

"கீழ இருந்து மேல போச்சு மச்சான். உங்க பொண்ணு மாத்திச் சொல்லிட்டா போல."

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ மாத்திச் சொல்லல. அந்தக் கண்ணாடி தலைகீழாத்தான் காட்டும். இத்தனை நாளா பாக்கற, இது தெரியாதா உனக்கு? தெரியாமத்தான் சொல்ற." சிறிது நேரம் கையை விடவில்லை. "அப்ப நீ பாத்துட்ட மாப்ள."

"பாத்துட்டேன்."

"நேரத்துக்கு வந்துதா?"

மகளைக் கேட்டேன். நான் கை தூக்கினபோது போனில் நேரம் பார்த்திருந்தாள்; கொல்லையிலிருந்தே, ஒரு நொடி முன்னாடி வந்துவிட்டது என்றாள்.

"முன்னாடியா?" முகம் சுருங்கியது. "லேட்டா வர்றதவிட அதுதான் மோசம். நம்பி நிக்கிறவன விட்டுட்டுப் போயிடும்." பிறகு தானாகவே சமாதானமாகி, "ஒரு நொடிதான. விடு" என்றார். மறுபடி கீல் எவ்வளவு பெரிது என்று கேட்டார், தன் கையை நீட்டி, உள்ளங்கையில் எந்த அளவு என்று விரலால் வரைந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அதைப் பிடித்து மூடி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. கொஞ்ச நேரத்தில் விரல் மறுபடியும் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. தலையணையை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார்.

"என்ன மச்சான் வேணும்? தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே அவருக்கு யாரோடும் பேச்சு இல்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் செய்யச் சொன்னது காலையில் அந்தக் கட்டிலில் வைத்துச் சொன்னதுதான்.

"பொண்ணு கொல்லையிலதான நிக்கிறா? அடுத்தது எப்பன்னு கேட்டுட்டு வா மாப்ள."